சட்டையில் தெளித்த சாராயம்

அன்று காலை காமன் பொட்டலில் யார் யார் நின்றார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அங்கே இல்லாதவர்கள்தான் பிறகு அதிகம் பேசினார்கள். வெள்ளைத் துணிக்குக் கீழே மதன் வேஷத்தோடு படுத்திருந்தவன் துஷாந்த். அவன் தலைமாட்டில் செம்புத் தண்ணீரோடு நின்றவர் கூத்து வாத்தியார் அழகன். வலப்பக்கம் துஷாந்தின் தகப்பன் வீரய்யா, தாய் மீனம்மா, தங்கை பிரேமினி. அவர்களுக்குப் பின்னால் மீனம்மாவின் தம்பி ஜெயகாந்தன். இடப்பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்டவர்கள், கொட்டகலையிலிருந்து பிரேமினியைப் பெண் கேட்டு வந்திருந்த நாகலெட்சுமியும் அவள் மகன் மதுரனும். கூத்துச் சாமான்களை ஏற்றிவந்த வேனோடு பாதையோரம் நின்றவர் கடைக்கார அலியார். மற்றவர்கள் பறை அடிக்கும் தப்புக்காரர்கள், ரதி வேஷக்காரன், மேல் லயத்து வரிசைவீட்டுச் சனங்கள், கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்த இளவட்டங்கள்.

மாசி மாதத்துக் காமன் கூத்தில் சிவனுடைய நெற்றிக்கண்ணால் மதன் எரிந்து விழுவான். விழுந்தவனை வெள்ளைத் துணியால் மூடுவார்கள்; பக்கத்தில் மூட்டிய நெருப்பு விடியும்வரை எரியும். விடிந்ததும் வாத்தியார் தண்ணீர் தெளித்துப் பாட்டுப் பாடி உயிர் எழுப்புவார். தப்பு அடி மாறும்போது மதன் துள்ளி எழுந்து ரதியைச் சுற்றி ஆடவேண்டும். பொகவந்தலாவைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் மதன் வேஷம் வீரய்யாவின் குடும்பத்துக்கு உரியது. அவருடைய பாட்டன் கட்டினார், தகப்பன் கட்டினார், கங்காணியாக, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் குரல் கொடுத்த காலத்தில் அவரும் கட்டினார். காப்புக் கட்டிய நாள்முதல் மதன் கவிச்சி தொடக்கூடாது, சாராயத்தின் பக்கம் போகக்கூடாது. அந்த வீட்டு மதன்களைப் பற்றி எவரும் ஒரு சொல் சொன்னதில்லை.

தப்பு அடி மாறியது. துணி அசைந்தது. துஷாந்த் கைகளை ஊன்றி எழுந்தான். ஒரு கால் நிமிர்ந்தது. மற்றக் கால் மரக்கட்டைபோல விறைத்து, பிறகு வெடவெடவென்று நடுங்கியது. ரதி வேஷக்காரன் கை நீட்டுவதற்குள் முழங்கால் மடிந்து, கிரீடம் உருண்டோட, குப்புற விழுந்தான். மஞ்சள் பட்டு வேட்டியில் ஈரம் பரவியது. செம்புத் தண்ணீர் என்று முதலில் நினைத்தார்கள். வாடை வந்தபிறகு யாரும் அப்படி நினைக்கவில்லை.

"மதனு விடியக்காலமே ஏத்திக்கிட்டாரு போல," என்றது ஒரு குரல். தப்புக்காரர்களில் ஒருவன் சிரித்தான். அவன் சிரித்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது.

வீரய்யாவுக்குக் குமட்டியது. மகனுடைய மூத்திரத்துக்காக இல்லை என்று சொன்னால் அது பொய். அதற்காகவும்தான். ஆனால் அதைவிட, வெற்றிலைச் சாறு வழியும் வாய்களோடு எட்டியெட்டிப் பார்த்தவர்களைக் கண்டு குமட்டியது. கிடத்திவைத்த பிணத்தின்மேல் ஈ உட்காருவதுபோல ஒவ்வொரு போனும் அந்த ஈரத்தின்மேல் போய் உட்கார்ந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. தன் தோள் துண்டை எடுத்து மகனுடைய இடுப்பின்மேல் போட்டார். குனிந்து, அவன் முகத்தைத் திருப்பி, எல்லோரும் பார்க்க அவன் வாயில் மூக்கை வைத்து முகர்ந்தார். விரதம் கிடந்த வாயின் புளித்த வாடை இருந்தது. வேறொன்றும் இல்லை.

"அப்பா, நெருப்புக்கிட்ட நிக்கயிலயே காலு ரெண்டும் வேற யாரோடதோ மாதிரி இருந்துச்சு," என்றான் துஷாந்த், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "எழும்புன்னு சொன்னேன். கேக்கல."

அவனைத் தூக்கிக்கொண்டு வந்து லயத்தின் கடைசியில் இருந்த தங்கள் வீட்டில் படுக்கவைத்தார்கள். மீனம்மா வேட்டியை மாற்றியபோதுதான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. மகன் தாயிடம் சொல்லிவைத்திருந்தான். தாய் யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் அவனுக்கு வலது கண் சில வாரங்கள் புகை மூடியதுபோல மங்கி, அசைத்தால் வலித்து, பிறகு தானாகவே தெளிந்திருந்தது. தேயிலை ஸ்டோரில் உலர்த்தும் மெஷின் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன் என்பதால் தூசி என்று விட்டுவிட்டார்கள். சில மாதமாக அந்த மெஷின் சூட்டில் நின்றால் கால் தளரும். வெளியே வந்து மூடுபனியில் நின்றால் சரியாகிவிடும். உள்ளங்காலில் காலுறை போட்டதுபோல ஒரு மந்தம். ஒத்திகையில் வாத்தியார் கிரீடத்தைக் கட்டி, ரதியின் காலைப் பார் என்று தலையைக் குனியவைத்தபோது, பிடரியிலிருந்து இடுப்புவரை கரண்டு பாய்ந்ததுபோல இருந்ததாம். மூத்திரம் வந்தால் அடக்க முடியவில்லையாம். அதைச் சொல்லும்போது மீனம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

இவற்றையெல்லாம் முன்னறையில் நாற்காலியில் இருந்த நாகலெட்சுமி கேட்டுவிடக்கூடாது என்பதுதான் ஜெயகாந்தனுடைய கவலை. அவன் அட்டன் டவுனில் தரகு வேலை பார்க்கிறவன். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததும் அவன்தான். மதுரனுக்குக் கொட்டகலையில் பாத்திரக்கடை. தோட்டத்துப் பெண்ணை எடுக்க முன்வந்ததே பெரிய காரியம் என்று நாகலெட்சுமி வந்த நேரம் முதல் பல விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு விரலால் நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னாள்: "குடி கிடி எல்லா வீட்டுலயும் உள்ளதுதாங்கண்ணே. எங்க வீட்டு ஆம்பளைகளும் குடிக்காதவங்க இல்ல. ஆனா ரத்தத்துல ஓடுற சீக்குன்னா நாங்க யோசிக்கணும். நாளைக்கு எங்க பேரப்புள்ளைக்கும் வந்துச்சுன்னா?"

ஜெயகாந்தன் முந்திக்கொண்டான். சீக்கெல்லாம் ஒன்றுமில்லை, சேர்மானம் சரியில்லை, கூட்டாளிகள் ஊற்றிக்கொடுத்திருப்பார்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு சேலைன் ஏற்றினால் சாயங்காலத்துக்குள் நடந்துவிடுவான் என்றான். பிறகு வீரய்யாவை வீட்டின் பின்னால் கோடிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"அத்தான், குடிச்சிட்டு விழுந்தான்னா ஒரு மாசம் பேசுவாங்க. சீக்குல விழுந்தான்னா பிரேமினி கழுத்துல தாலி ஏறாது. நீங்க ஒண்ணும் சொல்லவேணாம். சும்மா இருங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

வீரய்யா சும்மா இருந்தார். மகனுடைய இடுப்புக்குக் கீழே நடப்பதைப் பற்றி வாய் திறந்து பேசுவதே அவருக்கு அருவருப்பாக இருந்தது. விருந்தாளிகளை விட்டுவிட்டுப் போவது மரியாதை இல்லை என்று வீட்டிலேயே நின்றுவிட்டார். அலியாரின் வேனில் ஜெயகாந்தன்தான் துஷாந்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

பிற்பகலில் திரும்பி வந்தார்கள். சேலைன் ஏற்றி, விட்டமின் குளிசை கொடுத்து, கூடவே ஏச்சும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேர் தாங்கி இறக்கிய துஷாந்தின் சட்டையிலிருந்து சாராய வாடை குப்பென்று அடித்தது. வாசலில் நின்ற அக்கம்பக்கத்தார் மூக்கைச் சுளித்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாகலெட்சுமியின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவளும் மதுரனும் நிச்சயத்துக்கான வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு, அன்றைக்கே மகிழ்ச்சியாக விடைபெற்றுக்கொண்டு போனார்கள்.

காலையில் தன் மூக்கால் முகர்ந்த வாயை வீரய்யா நினைத்துக்கொண்டு நின்றார். அலியார் வேன் கதவுகளைத் திறந்துபோட்டு உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். தொழுகைக்குப் போகிற மனுஷர். முகம் கறுத்திருந்தது.

"பெரியவரே, நான் யாரு வீட்டுக் கதையிலயும் தலையிடுறவன் இல்ல," என்றார். "ஆனா என் வேன்ல நடந்ததை நான் சொல்லித்தான் ஆகணும். ஆஸ்பத்திரி வளைவுல நிப்பாட்டச் சொன்னாரு உங்க மச்சினன். சாராயக் கால் போத்தல் ஒண்ணை எடுத்துப் பொடியன் சட்டையில தெளிச்சாரு. மூத்திர வாடைய அமுக்கணும்னு சொன்னாரு. பொடியன் கையெடுத்துக் கும்புட்டான், வேணாம் மாமான்னு. உள்ள போனதும் அங்க நின்ன டொக்டர் மோந்து பாத்தாரு. காலைத் தொட்டுக்கூடப் பாக்கல."

வீரய்யா நேராகப் போய் மகனுடைய சட்டையைக் கழற்றினார். பொத்தான்களைப் போடத் தெரியாத குழந்தையைப்போல அவன் கைகளைத் தூக்கிக் கொடுத்தான். ஈரச் சட்டையை விரல் நுனியில் பிடித்து அடுப்புக்குள் போட்டார். நெருப்பு பக்கென்று நீல நிறமாக எழுந்தது. ஜெயகாந்தன் அதற்குமுன்பே அட்டனுக்கு பஸ் ஏறியிருந்தான்.

அதற்கடுத்த நாட்களில் தோட்டம் முழுக்க ஒரே பேச்சு. காப்புக் கட்டிய உடம்போடு மதன் குடித்தான், அதனால்தான் சாமி உயிரை இடுப்புவரைக்கும் கொடுத்து நிறுத்திவிட்டது என்றார்கள். துணி நனைந்த படத்துக்குச் சினிமாப் பாட்டு ஒன்றைச் சேர்த்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் மீனம்மா போய் நின்றால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். அவள் நகர்ந்ததும் சிரிப்பார்கள். பிரேமினியின் போனுக்கே அந்தப் படம் வந்தது. அனுப்பியவள் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

அழகன் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொட்டலில் கோயில் கமிட்டி கூடுகிறது, துஷாந்த் ரதியின் காலில் விழுந்து, காப்போடு குடித்தேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பால் ஊற்றிக் குற்றத்தைக் கழித்துவிடலாம் என்றார். அவருக்கும் ஒரு பயம் இருந்தது. மதன்மேல் குற்றம் இல்லையென்றால், உயிர் எழுப்பிய வாத்தியார்மேல்தான் குற்றம் என்று சனங்கள் திரும்புவார்கள். அதை அவர் சொல்லவில்லை. ஆனால் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"அவன் குடிக்கல," என்றார் வீரய்யா.

"உங்களுக்குத் தெரியும் அண்ணே. ஊருக்கு வாடைதானே தெரியுது."

அன்று சாயங்காலம் மீனம்மா மகனைக் குளிப்பாட்ட வெந்நீர் வைத்தாள். வயிற்றைச் சுற்றி யாரோ கச்சையை இறுக்கியதுபோல இருக்கிறது, சூட்டில் இளகும் என்று அவன் கேட்டிருந்தான். மீனம்மாவால் அவனைத் தூக்க முடியவில்லை. வீரய்யாதான் தூக்கிக்கொண்டு போய் குளிக்கும் கல்லில் உட்காரவைத்தார். தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினார். நாலைந்து வாளி ஊற்றியதும் அந்தக் கால்கள் பிழிந்து போட்ட துணிமாதிரி ஆகிவிட்டன. தூக்கிவிட்ட இடத்திலேயே கிடந்தன. துஷாந்துக்குப் பேச்சு குழறியது. பயந்துபோய் வெளியே கொண்டுவந்து ஈரக்காற்றில் உட்காரவைத்தார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் அசைந்தன. பிறகு முழங்கால் தானாகத் துள்ளியது.

வீரய்யா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூத்தில் நெருப்பு. ஸ்டோரில் சூடு. இப்போது வெந்நீர். சாராயத்துக்கு இந்தக் கணக்குத் தெரியாது. சாமிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதும் அவருக்குத் தெளிவாகிவிட்டது. அவன் படுக்கையை நனைத்திருந்ததையும் அவரே துடைத்தார். குமட்டல் வரத்தான் செய்தது. அதை விழுங்கிக்கொண்டு துடைத்தார்.

"என்னை யாருக்கும் காட்டாம வச்சிருங்கப்பா," என்றான் துஷாந்த். "பிரேமினி காரியம் முடியட்டும். மாமா சொன்னதையே நானும் சொல்லிர்றேன். குடிச்சேன்னு சொன்னா என்னா குறைஞ்சிருவேன்?"

"நீ குறையமாட்டே. காலுதான் குறையும்," என்றார் வீரய்யா. "விடிஞ்சதும் கெளம்பு."

மறுநாள் அலியாரின் வேனிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கழுவிய வேனில் இன்னும் இலேசாக வாடை இருந்தது. ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்திருந்தார் அலியார். எப்படியோ செய்தி கேட்டு ஜெயகாந்தனும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். தலையைச் சீவி, பட்டன் போட்ட சட்டையோடு, வெட்கமில்லாமல் நின்றான்.

உள்ளே இருந்த டொக்டர் ஷாமிலா இளம் பெண். தமிழ் நன்றாகப் பேசினாள். எப்போதிருந்து என்று அவள் கேட்டதும் ஜெயகாந்தன் தொடங்கினான்: "கொஞ்சம் குடிப்பழக்கம் உண்டுங்க டொக்டர். வேற ஒண்ணும்..."

"வாயை மூடு," என்றார் வீரய்யா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பெரட்டுக் களத்தில் பழகிய குரல். பக்கத்து மேசையில் இருந்த தாதியும் எழுதுவதை நிறுத்தினாள்.

"இவன் குடிக்கிறவன் இல்ல டொக்டரம்மா. போன தடவை சட்டையில சாராயத்தைத் தெளிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனது இந்த ஆளு. இனி நான் சொல்றதைக் கேளுங்க."

சொன்னார். மகள் வயதுள்ள ஒரு பெண்ணுக்கு முன்னால், மகனுடைய மூத்திரத்தைப் பற்றி, அடக்க முடியாததைப் பற்றி, இரண்டு நாளாக முக்கினாலும் வராததைப் பற்றி, படுக்கை நனைவதைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் நாக்கில் சேறுபோல ஒட்டியது. அவர் நிமிர்ந்து நின்று, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சூடு பட்டால் தளர்வதையும் குளிர்ந்தால் தேறுவதையும் சொன்னார். கிரீடம் கட்டியபோது பாய்ந்த கரண்டையும் சொன்னார்.

டொக்டர் நிமிர்ந்து பார்த்தாள். துஷாந்திடம், தலையைக் குனிந்து நாடியால் நெஞ்சைத் தொடுங்கள் என்றாள். அவன் குனிந்தான். உடம்பு ஒருமுறை துள்ளி விழுந்தது.

"இப்ப ஓடுச்சா?"

"ஓடுச்சு டொக்டர். எங்க லயத்துல கரண்டு இல்லாத நேரத்துலயும் எனக்கு இருக்கு."

அவள் சிரித்தாள். வீரய்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினாள். கால் உதைத்துக்கொண்டு எழுந்தது. சாவியின் முனையால் உள்ளங்காலைக் கீறினாள். கீழே மடங்கவேண்டிய பெருவிரல் மெல்ல மேலே நிமிர்ந்தது. வயிற்றில் ஊசி முனையால் மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டே வந்து, எங்கே உணர்ச்சி குறைகிறது என்று கேட்டாள். கச்சை இறுக்குவதாக அவன் சொன்ன இடத்திலேயே குறைந்தது. பிறகு கேட்டாள்: "இதுக்கு முந்தி கண்ணுல ஏதாவது வந்திச்சா?"

துஷாந்த் தகப்பனைப் பார்த்தான். ஜெயகாந்தன் தொண்டையைச் செருமினான். கண்ணைப் பற்றிச் சொன்னால் நோய் பழையது என்றாகும். பழையது என்றால் மறைத்துப் பெண் கொடுக்கப் பார்த்தார்கள் என்றாகும். மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது.

"சொல்லு," என்றார் வீரய்யா.

அவன் சொன்னான். வலது கண், புகை மூட்டம், அசைத்தால் வலி, தானாகத் தெளிந்தது. சிவப்பு நிறம் இன்னும் அந்தக் கண்ணுக்கு வெளிறித்தான் தெரிகிறது என்பதையும் சொன்னான். அது தாய்க்குக்கூடத் தெரியாது.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டாள். முதுகெலும்புக்குள்ளே ஓடுகிற நரம்புக் கயிறு, முண்ணாண், அதில் கோளாறு இருக்கிறது என்றாள். கரண்டு வயருக்கு மேலே இறப்பர் உறை இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. உடம்பின் காவல்காரனே தவறிப்போய் அந்த உறையை அரிக்கிறான். கண்ணில் ஒரு தடவை அரித்தான். இப்போது முண்ணாணில். அதனால்தான் கால் விறைக்கிறது, மூத்திரம் சொல்கேட்கமாட்டேன் என்கிறது. சூட்டில் அந்த வயரில் கரண்டு இன்னும் மோசமாகத் தடைப்படும். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்று சந்தேகப்படுவதாகச் சொன்னாள். வேறு சில வியாதிகளும் இப்படி வரலாம், ஸ்கேன் எடுத்து, முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தபிறகுதான் உறுதியாகச் சொல்லலாம், கண்டிக்கு இன்றைக்கே அனுப்பவேண்டும் என்றாள்.

"கண்ணைப் பத்தி சொல்லாம விட்டிருந்தா நான் வெறும் முதுகுன்னு நினைச்சிருப்பேன்," என்றாள். "ரெண்டு தடவை, ரெண்டு இடம். அதுதான் முக்கியம்."

வீரய்யா நேராகவே கேட்டார்: "இது ரத்தத்துல ஓடுறதா? என் பரம்பரையில இருந்து வந்ததா?"

"தகப்பன்கிட்ட இருந்து புள்ளைக்கு அப்படியே இறங்குற நோய் இல்ல ஐயா. தொத்தவும் செய்யாது. கூடப்பிறந்தவங்களுக்கு மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூடுதலா வரலாம். ஆனா அநேகமான குடும்பத்துல ஒருத்தருக்கு மட்டும்தான் வரும். குடியால வராது. பாவத்தால வராது." சற்று நிறுத்திச் சொன்னாள்: "பொய்யால வைத்தியம் பிந்தும்."

ஜெயகாந்தன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். அவனைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

கண்டியில் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்துப் பக்க முண்ணாணில் ஒரு வெள்ளைத் தழும்பு, மூளையில் சில பொட்டுகள். சந்தேகம் உறுதியானது. சில நாட்கள் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். விறைப்பு முழுதாகப் போகவில்லை, ஆனால் தணிந்தது. மூத்திரம் ஒரு கட்டுக்குள் வந்தது. வலது கால் கொஞ்சம் இழுத்தது. மறுபடியும் வரலாம், வருவதைக் குறைக்க மருந்து உண்டு, கிளினிக்கைத் தவறவிடக்கூடாது, இன்னும் முந்தியே வந்திருந்தால் இந்தக் காலும் இன்னும் நன்றாகத் தேறியிருக்கக்கூடும் என்றார் அங்கிருந்த பெரிய டொக்டர். அந்தக் கடைசிச் சொல்லை வீரய்யா மறக்கவில்லை. நீல நெருப்பில் எரிந்த சட்டையோடு அதையும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

தள்ளிவைத்திருந்த கமிட்டி, அவர்கள் திரும்பிவந்த வாரத்து ஞாயிறு கூடியது. துஷாந்த் கைத்தடியோடு வந்தான். விசாரிக்கப்படுகிறவன் நிற்கவேண்டும் என்பது வழக்கம். வீரய்யா நாற்காலி கொண்டுவந்து போட்டு மகனை உட்காரவைத்தார். எவனாவது வாய் திறக்கட்டும் என்று சுற்றிப் பார்த்தார்.

"என் மகன் குடிக்கல," என்றார். "அவனுக்கு முண்ணாண் நோய். பேரு மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ். மூத்திரம் போனதும் அதனாலதான். சாராயம் எங்க மச்சினன் தெளிச்சது. படம் புடிச்சவங்க, பாட்டு சேத்தவங்க, அதையும் படம் புடிச்சு அனுப்புங்க. கால்ல விழ அவன் வரல. உங்க முன்னால உக்காந்திருக்கத்தான் வந்தான்."

அழகன் வாத்தியார் ஓரடி முன்னால் வந்தார். "அப்ப என்மேல குத்தமா அண்ணே?"

"உங்கமேலயும் இல்ல. நீங்க ஒழுங்காத்தான் எழுப்புனீங்க. நெருப்புச் சூட்டுல நரம்பு எழும்பல. அவ்வளவுதான்."

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் மெல்லக் கலைந்தது. மன்னிப்பு என்று ஒருவரும் வரவில்லை. ஒருத்தி மட்டும் மீனம்மாவிடம் வந்து, அந்த நோய் கிட்ட இருந்தால் ஒட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். வீரய்யா தரையில் துப்பிவிட்டு நடந்தார்.

வீட்டு முன்னறையில் நாகலெட்சுமியும் மதுரனும் காத்திருந்தார்கள். கேள்விப்பட்டு ஓடிவந்திருந்தார்கள். நாகலெட்சுமிக்கு அழுகையும் கோபமும் கலந்த முகம்.

"ஏண்ணே இப்புடிச் செஞ்சீங்க? குடின்னே சொல்லியிருக்கலாம். நாங்க எங்க ஆளுகளுக்கு அதைத்தானே சொல்லி வச்சிருக்கோம்." பிறகு குரலை இறக்கினாள். அவள் சம்பந்தத்தை விடவில்லை. விடப்போவதில்லை என்றும் சொன்னாள். பெண் நல்ல பெண், நன்றாக வேலை செய்கிறவள், கடையையும் பார்த்துக்கொள்வாள். ஒரு சின்ன ஒழுங்கு மட்டும் வேண்டும். குடிதான் காரணம் என்று கொட்டகலைப் பக்கம் எல்லோரும் ஒரே வாயாகச் சொல்லவேண்டும். கல்யாணத்தன்று துஷாந்த் கந்தப்பளைச் சொந்தக்காரர் வீட்டில் இருந்துகொள்ளட்டும். மணவறைப் பக்கம் கைத்தடி தெரியக்கூடாது. பிறகு போக வர இருக்கலாம், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து.

இதையெல்லாம் துஷாந்த் அதே அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். மதுரன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீரய்யா மகளைப் பார்த்தார். இதுவரை எந்தப் பேச்சிலும் அவளைக் கேட்காதவர் அவர். இப்போது கேட்கிறார் என்பது பார்வையிலேயே தெரிந்தது.

பிரேமினி தேத்தண்ணீர்த் தட்டைக் கீழே வைத்தாள். "உங்களுக்குச் சாராயம்தான் புடிச்சிருக்கு அத்தை," என்றாள். "அதுகூடவே சம்மந்தம் பண்ணிக்கங்க. எங்க அண்ணன் நிக்காத மணவறையில எனக்கு என்னா வேலை? அப்பா, அவங்க வெத்திலைத் தட்டைக் குடுத்திருங்க."

நிச்சயத்துக்கென்று அவர்கள் கொண்டுவந்து வைத்திருந்த வெற்றிலைத் தட்டு சாமி படத்துக்குக் கீழே இருந்தது. வீரய்யா அதை இரண்டு கையாலும் எடுத்து, ஒரு பாக்குக்கூட உருளாமல், நாகலெட்சுமியின் மடியில் வைத்தார். போய்வாருங்கள் என்று சொன்னார். வாசல்வரை போய் வழியனுப்பவும் செய்தார். அவர் வீட்டில் மரியாதை குறைந்தது என்று யாரும் சொல்லக்கூடாது.

சீக்குக்காரன் வீட்டுப் பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தத்தை முறித்துக்கொண்டு போனதாகக் கொட்டகலைக் கடைவீதியில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர்கள் முறிக்கவில்லை. முறித்தது பிரேமினி. தட்டைத் திருப்பிக் கொடுத்தவர் வீரய்யா.